வெள்ளத்தை அனுப்பியது யார்?

கேள்வி: போன வருட வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அதிலிருந்து அப்பா ஆளே மாறிவிட்டார். ஏதோ ஒரு வெளிநாடு ரேடியோ அலைகளால் புயலை நம் பக்கம் திருப்புகிறது என்கிறார். விமானம் போன பிறகு வானத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறார். மறுத்தால் கத்துகிறார். இப்போது பேச்சுவார்த்தையே இல்லை. என்ன செய்வது?

பதில்: ‘எல்லாம் கட்டுக்கதை’ என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். அதில் ஒரு பிடி உண்மை இருக்கிறது. வியட்நாம் போரில், 1967 முதல் 1972 வரை, எதிரியின் சரக்குப் பாதைகள் சேறாகட்டும் என்று மழையைக் கூட்ட அமெரிக்க விமானங்கள் ரகசியமாக மேகங்களில் வெள்ளி அயோடைடு என்ற வேதிப்பொருளைத் தூவின. விஷயம் வெளியே வந்த பிறகு, வானிலையைப் போர்க்கருவி ஆக்கக் கூடாது என்று 1977இல் ஓர் உலக உடன்படிக்கையே வந்தது. இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். ‘நீங்க சந்தேகப்பட்டதுல தப்பில்லைப்பா’ என்று ஆரம்பித்தால் அவர் காது கொடுப்பார்.

அப்புறம் அளவைப் பற்றிப் பேசலாம். திரண்டு நிற்கும் மேகத்திலிருந்து கொஞ்சம் கூடுதல் மழை பெறலாம், இப்படித் தூவும் ‘மேக விதைப்பு’ அவ்வளவுதான். புயலின் கணக்கே வேறு. நன்கு வளர்ந்த ஒரு புயலில் நீராவி மழையாகும்போது வெளிப்படும் வெப்பம், உலகத்து மின் நிலையங்களின் மொத்தத் திறனைப் போல பல பத்து மடங்கு. அது கடலின் சூட்டிலிருந்து வருவது. இந்த மாதிரி வீடியோக்களில் அடிக்கடி காட்டப்படும் அலாஸ்காவின் ஹார்ப் ஆய்வு நிலையம் அனுப்பும் ரேடியோ அலைகளின் திறன் வெறும் 3.6 மெகாவாட். அது ஆராய்வதும் வெகு உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தை. மழை மேகங்கள் அதற்கு எவ்வளவோ கீழே இருக்கின்றன.

வெள்ளைக் கோட்டை இருவரும் சேர்ந்தே பாருங்கள். என்ஜின் புகையிலுள்ள நீராவி மேலே குளிரில் உறைவதுதான் அது. காற்று வறண்டிருந்தால் சட்டென்று மறையும், ஈரமிருந்தால் நெடுநேரம் நிற்கும்.

ஆனால் இதையெல்லாம் சொல்லி அவரை ஜெயிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது ‘இடுப்பளவு தண்ணீர்’ என்ற இரண்டு சொற்கள்தான். வெள்ளம் வடிந்த ஒரு வீட்டில், நனைந்த ஆல்பத்தை ஒருவர் பிரித்ததைப் பார்த்திருக்கிறேன். படத்திலிருந்த முகம் எதிர்ப்பக்கத்துத் தாளோடு ஒட்டி உரிந்து வந்தது. அவர் அதைத் திரும்ப ஒட்டவைக்க விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். இப்படி இழந்தவருக்கு, யாரோ ஓர் எதிரி செய்தான் என்றால் திட்டவாவது ஓர் ஆள் கிடைக்கிறான். சூடேறிய கடலை யார் போய்த் திட்டுவது?

அடுத்த மழைக்கு முன் பத்திரங்களையும் படங்களையும் உயரத்தில் ஏற்றி வைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். இன்று சாயங்காலம் பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘அன்னைக்குத் தண்ணி ஏறினப்போ முதல்ல எதைப்பா தூக்கினீங்க?’ என்று கேளுங்கள். வீடியோ பேச்சு அடுத்த வாரம் இருக்கட்டும்.