கோடையில் அமெரிக்க வரலாறும் அரசாங்கமும்: ஒரே விடுமுறையில் நான்கு பாடங்கள் சரிவருமா?

கேள்வி: என் மகள் டெக்சாஸில் உள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயந்திரப் பொறியியல் முதலாண்டை முடித்திருக்கிறாள். பட்டத்துக்குக் கட்டாயமான அமெரிக்க வரலாறு இரண்டு, அரசாங்கம் இரண்டு ஆகிய நான்கு பாடங்களையும் இந்தக் கோடையிலேயே வீட்டருகே உள்ள சமுதாயக் கல்லூரியில் முடித்துவிட நினைக்கிறாள். அனுமதிக்கலாமா? அடுத்த ஆண்டு குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கும் எனக்கும் அந்தப் புத்தகங்கள் பயன்படுமா?

பதில்: கோடையில் படிக்கட்டும், ஆனால் நான்கும் வேண்டாம். கோடை வகுப்பின் ஒரு சுற்றுக்கு ஒன்றாக, அரசாங்கப் பாடங்கள் இரண்டை மட்டும் எடுக்கட்டும் என்பதே என் கருத்து.

டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் பெற அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் (பாட அளவின் அலகு), அரசாங்கத்தில் 6 கிரெடிட், அதாவது இரண்டிரண்டு பாடங்கள் வேண்டும் என்று மாநிலக் கல்விச் சட்டம் சொல்கிறது. பொறியியல் மாணவருக்கும் இதில் விலக்கு இல்லை. கோடையில் இப்பாடங்கள் பெரும்பாலும் ஐந்து வாரச் சுற்றுகள் இரண்டாக நடக்கின்றன. 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 48 மணி நேர வகுப்பு என்று வைத்துக்கொண்டால், வாரம் நான்கு நாள் வீதம் 20 நாளில் அதை முடிக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வகுப்பிலேயே போய்விடும். வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் இரண்டு மணி நேரம் என்ற வழக்கமான கணக்கையும் சேர்த்தால், ஒரே பாடத்துக்கு நாளுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நான்கையும் முடிக்க வேண்டுமென்றால் இரு சுற்றுகளிலும் இரண்டிரண்டாக எடுக்க வேண்டும். நாளுக்குப் பதினான்கு மணி நேரம் படிப்பது யாராலும் ஆகிற காரியம் அல்ல.

உங்கள் மகளுக்குப் பழக்கமில்லாத வகை வாசிப்பு இது என்பதையும் கவனிக்க வேண்டும். கூட்டரசு அரசாங்கம் பற்றிய 2305 என்ற பாடத்தில் பெரும்பாலும் இடம்பெறும் ஃபெடரலிஸ்ட் பத்தாம் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை ஏற்கும்படி வாதாடிய கட்டுரைத் தொடரில் ஒன்று இது. 1787 நவம்பரில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜேம்ஸ் மேடிசன், பப்ளியஸ் என்ற புனைபெயரில் எழுதிய இக்கட்டுரை சுமார் 3,000 சொற்கள்தான். ஆனால் ஒரே வாக்கியம் அரைப் பத்திக்கு ஓடும். எழுவாயை விட்ட இடம் தேடித் திரும்பி வர வேண்டியிருக்கும். சுதந்திரம் இருக்கும் வரை கட்சி கட்டும் குணம் இருக்கும், அதன் காரணத்தை ஒழிக்க முடியாது, விளைவைத்தான் கட்டுப்படுத்த முடியும், அதற்குச் சிறிய குடியரசைவிடப் பெரிய குடியரசே ஏற்றது என்று வாதம் படிப்படியாகச் செல்கிறது. கணக்கில் ஒரு படியை விட்டால் விடை பிழைப்பதைப் போலத்தான் இதுவும். ஆகவே பொறியியல் படிக்கும் பெண்ணுக்கு இது பிடித்துப்போகவும் கூடும், ஒரு மாலைப் பொழுதை முழுதாக ஒதுக்கினால்.

வரலாற்றுப் பாடங்களை வழக்கமான செமஸ்டருக்கு விடச் சொல்வதற்குக் காரணம், அவற்றில் கட்டுரை எழுதும் வேலை அதிகம். 1301 என்ற பாடம் 1877 வரையும், 1302 அதற்குப் பிந்தைய காலத்தையும் சொல்கிறது. பஞ்சாபில் பிறந்து, முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்த பகத் சிங் திண்ட், குடியுரிமைச் சட்டம் சொல்லும் ‘வெள்ளையர்’ அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், இந்தியர்கள் குடியுரிமை பெற 1946இல்தான் சட்டம் வழிவிட்டதும் இரண்டாவது பாடத்தின் காலத்தில் வருகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து வார ஓட்டத்தில் தாண்டிப் போகக் கூடாத பக்கங்கள் இவை.

பணம் கட்டும் முன், சமுதாயக் கல்லூரியின் பாட எண் தன் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை ஆலோசகரிடம் மின்னஞ்சலில் உறுதிசெய்து, அந்தப் பதிலைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பாடம் முடிந்ததும் மதிப்பெண் பட்டியல் தானாகப் போய்விடாது. மாணவிதான் விண்ணப்பித்து அனுப்பச் செய்ய வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் கிரெடிட்டை மட்டும் ஏற்று, மதிப்பெண்ணைத் தம் சராசரியில் சேர்ப்பதில்லை. அதற்காக அலட்சியம் வேண்டாம், மருத்துவம் அல்லது சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தால் எல்லாக் கல்லூரி மதிப்பெண்களும் கணக்கில் வரும். பாடம் ஒத்துவரவில்லை என்றால் ஐந்து வாரச் சுற்றில் நான்காவது வகுப்பு நாளுக்குள் விலகிவிட வேண்டும். அதற்குப் பின் விலகினால், இளநிலைப் படிப்பு முழுவதற்கும் சட்டம் தரும் ஆறு விலகல்களில் ஒன்று செலவாகிவிடும்.

பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதும் ஏபி தேர்வுகளில், அமெரிக்க அரசாங்கத் தேர்வை நல்ல மதிப்பெண்ணுடன் எழுதியிருந்தால் 2305 தேவைப்படாமல் போகலாம். ஆனால் டெக்சாஸ் அரசமைப்பைச் சொல்லும் 2306 பாடத்துக்கு அது ஈடாகாது.

உங்கள் குடியுரிமைத் தேர்வுக்கு இவ்வளவு ஆழம் தேவையில்லை. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, முன்கூட்டியே வெளியிடப்பட்ட 128 கேள்விகளிலிருந்து 20 வரை கேட்பார்கள். 12 சரியாக இருந்தால் போதும். அந்தப் பட்டியல் குடியேற்றத் துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இருந்தாலும் விடைகளை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள விரும்பினால், ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் இலவசமாக வெளியிடும் அமெரிக்க அரசாங்கப் பாடநூலைப் பதிவிறக்கி, அரசமைப்புச் சட்டம் பற்றிய அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். மகளின் கல்லூரியிலும் அதே நூலைத்தான் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்படியானால் அவளுக்கும் புத்தகச் செலவு மிச்சம்.