அமெரிக்காவுக்குக் குடியேறிய உக்ரைன் குடும்பத்துப் பிள்ளைகளின் சுரங்க வாழ்க்கை எப்படி இருந்தது?

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஜாக் பாலன்ஸ். பழைய கௌபாய் படங்களில் கன்ன எலும்பு துருத்திக்கொண்டு, பார்வையாலேயே மிரட்டுவாரே, அந்த வில்லன். பெற்றோர் வைத்த பெயர் வொலொதிமிர் பலாஹ்னியுக். 1919இல் பென்சில்வேனியாவின் லாட்டிமர் மைன்ஸ் என்ற சுரங்கக் குடியிருப்பில் பிறந்தார். அப்பா அங்கே நிலக்கரி வெட்டினார். மகனும் சிறு வயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கினார்.

அந்த ஊருக்கு ஒரு ரத்தக் கறை உண்டு. 1897 செப்டம்பர் 10 அன்று கூலி உயர்வு கேட்டு, கையில் ஆயுதம் எதுவுமில்லாமல் ஊர்வலமாக வந்த தொழிலாளர்களை ஷெரீபின், அதாவது உள்ளூர்க் காவல் தலைவரின், ஆட்கள் சுட்டார்கள். 19 பேர் செத்துப்போனார்கள், பலருக்கு முதுகில்தான் குண்டு. பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுட்ட எல்லோருக்கும் விடுதலை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேலை எப்படி என்றால், அனுபவசாலி துளை போட்டு வெடி வைப்பார். உடைந்து விழும் கரியை வண்டியில் வாரிப் போடுவது கையாளின் வேலை. புதிதாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் கிடைத்தது. கரியில் கல் கலந்திருந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.

அதே பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டனில் மூடிய சுரங்கம் ஒன்றைப் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள், 300 அடி ஆழம். ஒரு ஜூலை மாதம் போயிருந்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஸ்வெட்டர் வேண்டியிருக்கிறது. ஓரிடத்தில் கரிப் படுகை என் இடுப்பளவுகூட இல்லை. அதற்குள் ஒருக்களித்துப் படுத்துத்தான் வெட்டியிருக்கிறார்கள். சுவரைத் தொட்டேன், ஈரமும் கரியும் விரலில் ஒட்டிக்கொண்டன. அந்தத் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்துத்தான் பாலன்ஸின் அப்பா நுரையீரல் நோயில் இறந்தார்.

அப்புறம் பெயர் விஷயம். சுரங்கத்தில் பெயர் தேவைப்படவில்லை, கரி வண்டி யாருடையது என்று தெரிய அதில் எண் மட்டும் இருந்தால் போதும். உக்ரைனியர்கள் பலரின் ஊரான கலீசியா அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்ததால், அவர்கள் பல பதிவுகளில் ஆஸ்திரியர் என்றோ, உக்ரைனியர்களின் பழைய பெயரான ருத்தேனியர் என்றோதான் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பதைக் காப்பாற்றிக் கொடுத்தவை தேவாலயங்கள்தான். பென்சில்வேனியாவின் ஷெனண்டோவா ஊரில் 1884இல் தொடங்கிய கிரேக்கக் கத்தோலிக்கப் பங்கு (போப்பை ஏற்று, கிழக்கத்திய முறையில் வழிபடுவோரின் தேவாலயச் சபை) அமெரிக்காவிலேயே முதலாவது. சுரங்கக் கூலியில் மிச்சம் பிடித்த காசில் எழுந்த தேவாலயம் அது.

பாலன்ஸ் குத்துச்சண்டை, போர் விமானப் படை என்று சுற்றி நடிப்புக்கு வந்தார். 1992இல் ஆஸ்கர் வாங்கிய மேடையில், 73 வயதில், ஒற்றைக் கையால் தண்டால் எடுத்தார். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது 2004தான். ரஷ்யத் திரைவிழா ஒன்றில் அவருக்கு விருது கொடுக்க அழைத்தார்கள். தப்பான அறைக்குள் வந்துவிட்டேன் போலிருக்கிறது, நான் ரஷ்யன் இல்லை, உக்ரைனியன் என்று சொல்லி, வாங்காமல் கிளம்பிவிட்டார். அப்போது அவருக்கு 85 வயது.