டெட்லைன்: கோடு எப்படிக் கெடு ஆனது?

பெங்களூரில் வேலை பார்க்கிற யாரும் ஒரு நாளாவது டெட்லைன் என்ற சொல் காதில் விழாமல் வீடு திரும்பியதாகத் தெரியவில்லை. இந்த ஞாயிறு வந்த கேள்விகளும் அதைப் பற்றித்தான்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு தம்பி: ஐயா, எங்கள் மேனேஜர் நாளுக்கு நாலு தரம் டெட்லைன் என்கிறார். கோடு சரி, சாவு எங்கே வந்தது?

நிஜமாகவே சாவுதான் தம்பி. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல், ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில்லில் தென்பகுதிப் படை ஒரு போர்க்கைதி முகாம் அமைத்தது. சுற்றிலும் மரங்களை நட்டு எழுப்பிய மதில். அதற்கு உட்புறம் சுமார் 19 அடி தள்ளி, குச்சிகள் நட்டு மேலே சட்டம் அடித்த தாழ்வான வேலி. டெட்லைன் என்பது அந்த வேலியின் பெயர். தாண்டினால் மதில்மேல் நிற்கும் காவலாள் சுடுவான். முகாமுக்குள் ஓர் ஓடை ஓடியது. அத்தனை பேர் புழங்கியதில் அது சாக்கடையாகிவிட்டது. கொஞ்சம் தெளிந்த தண்ணீருக்காக அந்தச் சட்டத்துக்கு அப்பால் கையை நீட்டியவர்களும் குண்டடி பட்டார்கள். 14 மாதத்தில் அடைபட்டவர்கள் சுமார் 45,000 பேர். நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்களே ஏறக்குறைய 13,000. முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸை 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டார்கள். தண்ணீருக்கு நீண்ட அந்தக் கை, படித்த நாளிலிருந்து என் கண்ணை விட்டுப் போகவில்லை.

சிவாஜிநகரிலிருந்து ஓர் அம்மா: இடத்துக்கு வைத்த பெயர் நேரத்துக்கு எப்படி வந்தது?

இடையில் அச்சகம் இருந்திருக்கலாம் அம்மா. அச்சு இயந்திரத்தின் படுக்கையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதற்கு வெளியே போன எழுத்து தாளில் விழாது. அந்தக் கோட்டையும் டெட்லைன் என்றார்கள். காட்டன்பேட்டையில் நான் பிழை திருத்திய காலத்தில், ஓரத்து எழுத்து இப்படி விழாமல் போய், 'வருகை' என்பது 'வரு'வோடு நின்ற புரூஃபைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில், செய்தி வந்து சேரவேண்டிய கடைசி நேரத்துக்கு இந்தப் பெயர் வந்தது. சிறைவேலியிலிருந்து நேராகப் பத்திரிகைக்குத் தாவியது என்று பலர் எழுதுகிறார்கள். அதற்குச் சான்று கிடையாது.

அல்சூர் மாணவி: லைஃப்லைன் இதற்கு எதிர்ச்சொல்லா?

இல்லை. அது தண்ணீரில் விழுந்தவருக்கு வீசும் கயிறு. டெட்லைனைவிட மூத்த சொல்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு நண்பர்: நாம் சொல்கிற 'கெடு'விலும் அழிவு இருக்கிறதே?

நல்ல கேள்வி. கேட்க அப்படித்தான் இருக்கும். ஆனால் 'கெடு வைத்தான்' என்பதில் வரும் கெடு வேறு, 'கெட்டுப் போ'வில் வரும் கெடு வேறு. உங்கள் தெருமுனைக் கடையில் தொங்கும் கன்னடப் பத்திரிகையைப் பாருங்கள். டெட்லைனுக்கு 'கடுவு' என்று போட்டிருப்பார்கள், முதலெழுத்தை 'கணபதி'யில் வருகிற மாதிரிச் சொல்லவேண்டும். தெலுங்கிலும் அதே கடுவுதான். நம் கெடு அந்த வீட்டுப் பிள்ளை. கடனைப் பிரித்துக் கட்டினால் தவணை, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், மற்றதுக்கெல்லாம் கெடு. 'வெள்ளி வரை கெடு' என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்து சீட்டுக் கன்னடக்காரருக்கும் பாதி புரிந்துவிடும்.