எடை இறங்கியது, கசிவு ஏன் நிற்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 44. இரண்டும் சுகப்பிரசவம். 108 கிலோ இருந்த நான், 14 மாதங்களுக்கு முன்பு இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இப்போது 76 கிலோவுக்கு வந்திருக்கிறேன். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியும் தொல்லை எடையோடு போய்விடும் என்று நம்பினேன். குறைந்ததே தவிர, போகவில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டில் உள்ள ஒரு காபித் தோட்ட அலுவலகத்துக்குத் தினமும் பேருந்தில் போய் வருகிறேன். வளைவுகளில் பிரேக் போடும்போதெல்லாம் பயமாக இருப்பதால், காலையில் எழுந்ததிலிருந்து அலுவலகம் சேரும் வரை தண்ணீரே குடிப்பதில்லை. இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது. அதற்கும் முக்க வேண்டியிருக்கிறது. மாலையானால் கீழே ஏதோ இறங்கி நிற்பது போன்ற கனம். இது அறுவை சிகிச்சையால் வந்த கோளாறா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் படித்தது தண்ணீரைப் பற்றிய வரியைத்தான். அதற்கு வருமுன் உடலமைப்பைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன்.

முன்புறப் பூப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை தூளியைப் போலத் தொங்கும் தசைகளே இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அது தாங்குகிறது. இரண்டு பிரசவங்களில் இழுபட்ட அந்தத் தூளி, பின்பு பல ஆண்டுகள் வயிற்றுப் பருமனின் அழுத்தத்தையும் சுமந்திருக்கிறது. பிள்ளையைத் தூக்கிவிட்டதால் மட்டும் தூளித் துணியின் தொய்வு நிமிர்ந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் சராசரியாக 8 சதவீத எடையைக் குறைத்த பெண்களுக்கு வாராந்திரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. ஆலோசனை வகுப்புகள் மட்டும் பெற்றவர்களுக்கு 28 சதவீதம் குறைந்தது. எடை இறங்கினால் கசிவு வெகுவாகக் குறையும், ஆனால் எல்லோருக்கும் அடியோடு நின்றுவிடாது என்பதற்கு உங்கள் அனுபவமே சாட்சி. ஆகவே அறுவை சிகிச்சையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி தண்ணீர். சிறுத்த இரைப்பையால் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் வாங்க முடியாது என்பதால், காலையில் விட்டதை இரவில் ஈடுசெய்வது உங்களைப் போன்றோருக்கு இயலாத காரியம். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் சுண்டி, சிறுநீர்ப்பையை உறுத்தி, அவசரத்தைக் கூட்டும்; மலமும் இறுகும். ஒவ்வொரு முறை முக்கும்போதும் அந்தத் தூளியைக் கீழ்நோக்கித் தள்ளுகிறீர்கள். கசிவுக்குப் பயந்து தண்ணீரை விட்டீர்கள். அதுவே கசிவையும் கனத்தையும் வளர்க்கிறது. உணவோடு சேர்க்காமல், இடையிடையே சில மிடறுகளாக, நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குடியுங்கள். பேருந்து ஏறுமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள். காபித் தோட்டத்தில் வேலை செய்பவரிடம் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் காலைக் காபியை அலுவலகம் போய்ச் சேர்ந்தபின் வைத்துக்கொள்வது நல்லது.

நீங்கள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு வந்தால், அதுவும் மலத்தை இறுக்கும். நீங்களாக அதை நிறுத்திவிடாமல், வேறு வகைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை என்றால், பாதங்களுக்குக் கீழே ஒரு மணைக்கட்டையை வைத்து, முழங்கால்கள் இடுப்புக்கு மேலே வருமாறு சற்று முன்சாய்ந்து உட்காருங்கள். முக்கும் தேவை பெரிதும் குறையும்.

வேகமாக எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம் அளவே என்பதால், பருப்பு, தயிர், மீன், சுண்டல் என்று கணக்குப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

பயிற்சிக்கு முதலில் படுத்துக்கொள்ளுங்கள். வாயுவை அடக்குவதைப் போலவும், சிறுநீரை நிறுத்துவதைப் போலவும் ஒருசேர உள்ளே மேல்நோக்கி இழுத்து, 5 விநாடி நிறுத்தி, அதே அளவு நேரம் முழுவதும் தளர்த்துங்கள். மூச்சைப் பிடிக்கவோ பிட்டத்தை இறுக்கவோ கூடாது. ஒரு வேளைக்கு 8 முதல் 10 முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். போகப்போக 10 விநாடி வரை நிறுத்தலாம். சிறுநீர் கழிக்கும்போது இதைப் பழக வேண்டாம். உள்ளிழுப்பதாக நினைத்துக் கீழே தள்ளுபவர்களும் பலர் இருப்பதால், ஒருமுறையாவது பெண் நல மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ பரிசோதித்துச் சரிபார்ப்பது அவசியம். தும்மல் வருவது தெரிந்தவுடனே முன்கூட்டி இறுக்கும் பழக்கமும் வேண்டும். அடிவாரம் தாண்டி ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகள் இதற்கு நல்ல ஒத்திகை: ஓட்டுநர் கியர் மாற்றும் ஓசை கேட்டதும் இறுக்குங்கள், வண்டி நேரானதும் விட்டுவிடுங்கள்.

மாலைக் கனத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அது கருப்பை இறக்கமாகவோ சிறுநீர்ப்பை இறக்கமாகவோ இருக்கலாம். எடை குறைவதால் மட்டும் அது மேலேறாது. தொடக்க நிலையில் பயிற்சியே போதும், அல்லது உள்ளே பொருத்தும் சிலிக்கோன் வளையம் தாங்கும். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில் காட்டலாம். சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீர் பிரியாமை, தொடையிடுக்கில் திடீர் மரமரப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போக வேண்டும்.

கேள்வி: வயது 29. பைபாஸ் முறையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. குழந்தை எப்போது என்று மாமியார் கேட்கிறார். கர்ப்பமானால் மறுபடி கசிவு வருமா?
— வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: அறுவை சிகிச்சை முடிந்து 12 முதல் 18 மாதம் வரை பொறுத்திருப்பதே தாய்க்கும் சேய்க்கும் நல்லது என்பதை, முடிந்தால் உங்கள் கணவரின் வாயால் அத்தையிடம் சொல்லச் செய்யுங்கள். எடை இறங்கினால் மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கரு தங்கிவிடுவது உண்டு; பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை முழுமையாக உடலில் சேரும் என்று நம்ப முடியாது என்பதால் காப்பர் டி போன்ற முறையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். கர்ப்ப காலத்தில் கசிவு வருவது சகஜம். மேலே சொன்ன பயிற்சியை இப்போதே தொடங்கிப் பிரசவம் வரை விடாமல் செய்தால் அந்த வாய்ப்பு குறையும்.