பழைய டிஜிட்டல் கேமரா: 180 வெள்ளி கொடுக்கலாமா?

கேள்வி: தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் மகள், கூட்டாளிகளிடம் பார்த்துவிட்டுப் பழைய கையடக்க டிஜிட்டல் கேமரா கேட்கிறாள். பெனின்சுலாவில் ஒரு கடையில் 180 வெள்ளி சொன்னார்கள். தைப்பூசத்துக்கும் ஊருக்குப் போகும்போதும் உதவுமாம். அவளிடம் நல்ல கைப்பேசியே இருக்கிறது. வாங்கித் தரலாமா?
– ஒரு தாயார், ஈசூன்

பதில்: ஊருக்கு உதவும். தைப்பூசத்துக்கு, எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இவ்வகைக் கேமராவின் உண்மையான பலம் ஜூம். லென்ஸே முன்னால் நீண்டு தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் கொண்டுவரும். கைப்பேசியில் ஓரளவுக்கு மேல் இழுத்தால் படத்தை வெட்டிப் பெரிதாக்கித்தான் காட்டும். கோபுர உச்சிச் சிற்பத்தைக் கீழே நின்று எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அப்புறம் ஃபிளாஷ். கைப்பேசியில் இருப்பது சின்ன எல்இடி. இதில் செனான் குழாய், பளிச்சென்று அடிக்கும். முகம் வெளுத்து, பின்னணி கறுத்து வரும் படங்கள்தானே இப்போது பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது!

இருட்டில்தான் சிக்கல். பெரும்பாலானவற்றில் வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் ஏறக்குறைய 6.2 x 4.6 மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஜூமை நீட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் இன்னும் குறையும். விடியுமுன் சிராங்கூன் ரோட்டில் புறப்படும் காவடியைத் தள்ளி நின்று எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக, கலங்கலாக வரும். கைப்பேசி பல படங்களை எடுத்து ஒன்றாக்கிச் சமாளித்துவிடும். அதே காவடி பகல் வெளிச்சத்தில் டேங்க் ரோடு கோயிலுக்கு வந்து சேரும்போது கேமராவுக்கு யோகம். சோனி ஆர்எக்ஸ்100, கேனன் ஜி7 எக்ஸ் ஆகியவற்றில் சென்சார் நான்கு மடங்கு பெரியது. விலையும் அதற்கேற்ப ஏறும். மெகாபிக்சல் எத்தனை என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

கடையில் ஜூமை முழுக்க நீட்டி மடக்கிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் வேண்டாம். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசி கறுப்புப் பொட்டாகத் தெரியும். சார்ஜர் கேட்டு வாங்குங்கள். மெமரி கார்டையும் போட்டுப் பாருங்கள், மிகப் பழைய மாடல்கள் பல 2 ஜிபிக்கு மேல் ஏற்பதில்லை.

பழைய பொருளுக்கும் லெமன் சட்டம், அதாவது குறையுள்ள பொருளுக்குக் கடைக்காரரைப் பொறுப்பாக்கும் சட்டம், உண்டு. 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், விற்றபோதே இருந்ததாகத்தான் சட்டம் கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. ஆனால் முன்கூட்டியே சொல்லி விற்ற குறைக்கு இது செல்லாது. மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம், ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். கெரசல் இணையச் சந்தையில் தனியாளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. அங்கே 30 வெள்ளி மலிவாகக் கிடைத்தாலும் நான் கடைக்குத்தான் போவேன்.