கறுப்பினப் பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேரலாமா?

தம்பி, புள்ளியியல் பிஎச்டிக்கு அமெரிக்கா வந்திருப்பதாகவும், உங்களுக்குப் பிடித்த தலைப்பில் வேலை செய்பவர் துறையின் ஒரே கறுப்பினப் பேராசிரியர் என்றும் எழுதியிருந்தீர்கள். "அவர் கோட்டாவில் வந்தவர், வேறு ஆளைப் பார் என்கிறார்கள் நம் சீனியர்கள். அவர் அறை வாசலிலும் எப்போதும் கூட்டம். சேரலாமா அண்ணா?" என்று கேட்டீர்கள். தாராளமாகச் சேருங்கள்.

நம் ஊர்போல இத்தனை இடம் என்று ஒதுக்கிவைக்கும் முறை இங்கே பேராசிரியர் வேலைக்குக் கிடையாது. 2018 கணக்குப்படி அமெரிக்கக் கல்லூரி, பல்கலைக்கழகங்களின் முழுநேர ஆசிரியர்களில் கறுப்பின ஆண்கள் 3 சதவீதம்தான். நீங்கள் படித்த ராவ்-பிளாக்வெல் தேற்றத்தில் ஒருவர் நம் சி.ஆர்.ராவ்; இன்னொருவர் டேவிட் பிளாக்வெல், கறுப்பினத்தவர். 1942இல் பிளாக்வெல்லை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு எடுக்க அங்கிருந்த புள்ளியியல் பேராசிரியர் நெய்மான் ஆசைப்பட்டார். நிறத்தைச் சொல்லித் தட்டிக் கழித்துவிட்டார்கள். 1954இல்தான் அவர் அங்கே போக முடிந்தது. சீனியர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அந்த வாசல் கூட்டத்தைப் பற்றி. துறையில் ஒரே ஒருவர் என்றால் எல்லாக் கமிட்டிக்கும் அவர்தான் வேண்டும். வெள்ளையரல்லாத மாணவர்கள் மனம்விட்டுப் பேச அவரைத்தான் தேடி வருவார்கள், அவர் பாடத்தை எடுக்காதவர்கள்கூட. டெனூர் என்ற நிரந்தரப் பணி கொடுக்கும்போது பார்ப்பதோ கட்டுரைகளையும் ஆராய்ச்சி நிதியையும்தான். இந்த உழைப்பு பெரும்பாலும் கணக்கில் வராது. எனக்கு இது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது.

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறுப்பின சக பேராசிரியர் ஒருவரும் நானும் சேர்ந்து கட்டடத்துக்குள் போனோம். நான் அரைக்கால் சட்டை, அவர் கோட்டு, டை. காவலர் அவரிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டார். அட்டை அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பேசாமல் தூக்கிக் காட்டினார். லிஃப்டில், "நான் குரலை உயர்த்தினால் நாளைக்கு அதுதான் பேச்சாக இருக்கும்" என்றார். 2009இல் கறுப்பினத்தவரான ஹார்வர்ட் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸை அவர் வீட்டு வாசலிலேயே போலீஸ் கைது செய்தது. அப்புறம் வழக்கைக் கைவிட்டார்கள். இப்படிச் சந்தேகப்படுவார்களே என்றுகூட ஒருவர் டை கட்டலாம்; அதனால் விடுமுறை நாளிலும் டை கட்டுகிறாரே என்று யாராவது உங்கள் பேராசிரியரைக் கேலி செய்தால் அதில் சேராதீர்கள்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் நிலையாக வேண்டும் என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். என்ன பேசப்போகிறீர்கள் என்பதை முந்தின நாளே அனுப்புங்கள். இரண்டாவது வழிகாட்டியாக இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்.