நிறுவன மென்பொருளை மாட்யூல்களாகப் பிரிப்பது: கேள்வி பதில்

பெரிய மென்பொருளைத் தெளிவான எல்லையுள்ள தனித்தனிப் பகுதிகளாக, அதாவது மாட்யூல்களாக, பிரிப்பது பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஜாவா என்ற நிரல் மொழியைச் சுற்றியே இருந்ததால் பதில்களும் அப்படியே அமைந்துவிட்டன. மற்ற நிரல் மொழிக்காரர்களுக்கு இடையில் ஒரு பதில் உண்டு.

கேள்வி: ஓஎஸ்ஜிஐ, ஜாவாவின் சொந்த மாட்யூல் அமைப்பு, ஸ்பிரிங் மாடுலித் ஆகிய மூன்றில் எதை எடுப்பது? குழுவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மூன்றும் ஒரே வேலைக்கான போட்டிக் கருவிகள் என்று நினைப்பதால்தான் இந்தச் சண்டை. ஓஎஸ்ஜிஐ 1999-இல், வீட்டு இணைய நுழைவாயில் சாதனங்களை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது. சாதனத்தை நிறுத்தாமலே ஒரு பகுதியை நிறுவவும் நீக்கவும் புதுப்பிக்கவும் முடிய வேண்டும் என்பது அதன் பிறவிக் குணம். பண்டில் எனப்படும் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் தனி கிளாஸ்லோடர் (நிரலை நினைவகத்தில் ஏற்றும் பொறி) என்பதால் ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். நிரல் எழுதும் கருவியான எக்லிப்ஸ் 2004-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் இந்த வசதி சும்மா வந்துவிடாது. பண்டில்களுக்கு இடையே 'கிளாஸ் கிடைக்கவில்லை' என்ற பிழையைத் துரத்தத் தொடங்கினால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

2017-இல் ஜாவா 9-உடன் வந்த மாட்யூல் அமைப்பு வேறு ரகம். எந்தப் பேக்கேஜை (நிரல் கோப்புகளின் தொகுப்பை) வெளியே காட்டுகிறோம் என்று அறிவித்துவிட்டால், காட்டாததை மற்றவர் தொட்டாலே கம்பைலர் (நிரலை மொழிமாற்றும் கருவி) மறுத்துவிடும். பதிப்பு எண்களைப் பற்றி அது கவலைப்படுவதில்லை. ஓடும்போது மாற்றிப் பொருத்துவதும் அதன் நோக்கம் அல்ல. 2023-இல் 1.0 ஆன ஸ்பிரிங் மாடுலித் இன்னும் எளிமையானது. முதன்மைப் பேக்கேஜின் நேரடி உட்பேக்கேஜ் ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலாக எடுத்துக்கொண்டு, எல்லை மீறலைச் சோதனை ஓட்டத்தில் பிடித்துக் கொடுக்கும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பகுதியைக் கழற்றி மாட்ட வேண்டுமா? வேண்டாம் என்றால் ஓஎஸ்ஜிஐ உங்களுக்கு இல்லை. என் அனுபவத்தில் பெரும்பாலான அலுவலகப் பயன்பாடுகளுக்கு அது வேண்டியிருப்பதில்லை.

கேள்வி: பல வருடப் பழைய பயன்பாடு. எல்லாம் எல்லாவற்றையும் அழைக்கிறது. எங்கே தொடங்குவது?

ஜாவா மாட்யூல் அமைப்பில் தொடங்காதீர்கள். ஒரே பேக்கேஜ் பெயர் இரண்டு ஜார் கோப்புகளில் (ஜாவா நிரலைக் கட்டித் தரும் பொதிகளில்) இருந்தாலே அது தடுமாறும். பழைய நிரலில் அது சர்வசாதாரணம். முதலில் ஜேடிகேவுடன் (ஜாவா நிரலாக்கக் கருவித் தொகுப்புடன்) வரும் ஜேடெப்ஸ் கருவியை ஓட்டி, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு, எல்லை விதிகளைச் சோதனைகளாக எழுத உதவும் நூலகமான ஆர்க்யூனிட்டில் விதிகளை எழுதுங்கள். இருக்கிற மீறல்களை அப்படியே பதிந்து உறைய வைத்துவிட்டுப் புதிதாக வரும் மீறலுக்கு மட்டும் சோதனையைத் தோற்கடிக்கும் வசதி அதில் உண்டு. பழைய வீட்டுக்கு அந்த ஒரு வசதியே போதும். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டின் வரலாற்றையும் பாருங்கள். எப்போதும் சேர்ந்தே மாறும் கோப்புகள் இரண்டு மாட்யூல்களில் கிடந்தால், நீங்கள் கிழித்த கோடு தவறு.

கேள்வி: பேசாமல் மைக்ரோசர்வீஸ்களாக (நெட்வொர்க் வழியே பேசும் தனித்தனிச் சிறு சேவைகளாக) உடைத்துவிட்டால் எல்லை தானாகவே வந்துவிடாதா?

வராது. தவறான எல்லைக்கு நடுவில் நெட்வொர்க் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். முன்பு சாதாரண மெத்தட் அழைப்பாக இருந்ததற்கு இனி காலக்கெடு, மறுமுயற்சி, பாதியில் அறுந்த பரிவர்த்தனை என்று எல்லாம் எழுத வேண்டும். ஒரு பகுதிக்குத் தனி வெளியீட்டு வேகமோ தனிச் சுமையோ இருந்தால் அதை மட்டும் பிரியுங்கள்.

கேள்வி: நிரலில் மாட்யூல்களைப் பிரித்துவிட்டோம். ஆனால் ஆர்டர் மாட்யூல் தரவுத்தளத்தில் வாடிக்கையாளர் அட்டவணையை நேரடியாக ஜாயின் செய்கிறது (தன் அட்டவணையோடு இணைத்துப் படிக்கிறது). பெரிய குற்றமா?

இதுதான் இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி. சுவர் எழுப்பிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர் குழு ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினால் ஆர்டர் உடையும். கம்பைலரும் பிடிக்காது, ஆர்க்யூனிட்டும் பிடிக்காது, ஏனென்றால் சார்பு எஸ்க்யூஎல் (தரவுத்தள வினவல்) சரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. எந்த ஃபிரேம்வொர்க்கும் உங்களை இதிலிருந்து காப்பாற்றாது.

தரவுத்தளம் ஒன்றாகவே இருக்கட்டும். மாட்யூலுக்கு ஒரு ஸ்கீமா (அட்டவணைகளின் தனிப் பிரிவு), ஸ்கீமாவுக்கு ஒரு பயனர், அந்தப் பயனருக்குத் தன் ஸ்கீமாவில் மட்டும் உரிமை என்று வையுங்கள். மீறினால் தரவுத்தளமே கதவைச் சாத்தும். அறிக்கைகளுக்கு ஜாயின் வேண்டும் என்பார்கள், அது நியாயமான தேவைதான். அதற்குத் தரவின் உரிமையாளரான மாட்யூலே படிக்க மட்டுமான வியூ (அட்டவணைபோல் படிக்கக்கூடிய, சேமித்து வைத்த வினவல்) ஒன்றை வெளியிடட்டும். உள் அட்டவணை மாறினாலும் அந்த வியூவின் வடிவத்தைக் காப்பது அவர்கள் பொறுப்பு.

கேள்வி: ஆர்டருக்கு இருப்பு (சரக்குக் கையிருப்பு) மாட்யூல் வேண்டும், இருப்புக்கு ஆர்டர் வேண்டும். சுழற்சியை எப்படி உடைப்பது?

உண்மையில் அவை ஒரே மாட்யூலா என்று முதலில் யோசியுங்கள். இல்லையென்றால் ஒரு திசையை நிகழ்வாக மாற்றுங்கள். ஆர்டர் "உறுதியானது" என்று அறிவித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். இருப்பு அதைக் கேட்டுக்கொள்ளும். மாடுலித்தில் இந்த நிகழ்வுகளைத் தரவுத்தளத்தில் பதிந்து வைக்கும் பதிவேடு இருக்கிறது. கேட்பவர் பாதியில் விழுந்தால் அந்தப் பதிவு முடியாததாகவே நிற்கும், மறுபடி அனுப்பலாம். அதனால் ஒரே நிகழ்வு இரண்டு முறை வந்தாலும் இருப்பு இருமுறை குறையாதபடி எழுதுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம்.

கேள்வி: எல்லோருக்கும் பயன்படும் நிரலை 'காமன்' மாட்யூலில் போடலாமா?

தேதி, பணம் போன்ற சிறு வகைகள் மட்டும். வணிக விதி ஒன்று உள்ளே நுழைந்தால் மறுநாளே திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: டாட்நெட், டைப்ஸ்கிரிப்ட், ரூபி ஆட்களுக்கு?

சி ஷார்ப்பில் ஒவ்வொரு மாட்யூலையும் தனி அசெம்பிளியாக்கி (தனியாகக் கம்பைல் ஆகும் கோப்பாக்கி), அதற்குள் மட்டும் தெரியும்படி செய்யும் 'இன்டர்னல்' என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பலர் எதற்கெடுத்தாலும் 'பப்ளிக்' எழுதுகிறார்கள். டைப்ஸ்கிரிப்டுக்கு என்எக்ஸ் கருவியின் எல்லை விதிகள், ரூபிக்கு ஷாப்பிஃபை நிறுவனம் வெளியிட்ட, அதே வேலைக்கான பேக்வெர்க்.

கேள்வி: வாடிக்கையாளர்களே கூடுதல் பகுதிகளை எழுதிச் சேர்க்க வேண்டும். பிளக்இன் முறைக்கு எது சரி?

எழுதுபவர்கள் நம்பத்தக்க கூட்டாளிகள் என்றால், ஜாவா 6 முதல் இருக்கும், பிளக்இன்களைக் கண்டுபிடித்து ஏற்றும் சர்வீஸ்லோடரில் தொடங்குங்கள். நீட்டிப்புப் புள்ளிகளைக் குறைவாக வையுங்கள்; ஒருமுறை வெளியிட்ட இன்டர்ஃபேஸைத் திரும்பப் பெறுவது கடினம். எழுதுபவர் யாரென்றே தெரியாது என்றால் மாட்யூல் எல்லையைப் பாதுகாப்பு எல்லையாக எண்ணாதீர்கள். ஒரே ஜேவிஎம்முக்குள் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரத்துக்குள்) அந்நிய நிரலை அடக்க முன்பு செக்யூரிட்டி மேனேஜரை நம்பினார்கள். ஜாவா 24-இல் அது நிரந்தரமாக முடக்கப்பட்டுவிட்டது. அத்தகைய நிரலைத் தனிப் பிராசஸில், அளந்து கொடுத்த உரிமைகளோடு ஓட்டுங்கள்.